வெள்ளைச் சேவலுக்குள் இருந்தது

அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்து ரோஸ்லின் அந்தச் சேவலை முற்றத்தில் விட்டபோது, யாரோ தன்னைக் கேலி செய்வது போலத்தான் அரங்கநாதனுக்குப் பட்டது. வெள்ளை வெளேரென்று, கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து, வெயிலையே பார்க்காமல் வளர்ந்த பண்ணைச் சேவல். விட்ட இடத்திலேயே நின்றது. மண்ணைக் கிளறத் தெரியவில்லை. இறைத்த நெல்லைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததே தவிரக் கொத்தவில்லை.

"இதாம்பா அது," என்றாள் ரோஸ்லின். "இளா கையால செஞ்சதுல மிச்சம் இது ஒண்ணுதான்."

வில்லியனூர்ப் பக்கம் இருந்த ஒரு கோழி ஆய்வுக்கூடத்தில் அரங்கநாதனின் மகள் இளவரசியும் ரோஸ்லினும் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். மார்கழியில் இளவரசி செத்துப்போனாள். பங்குனியில் அந்த ஆராய்ச்சித் திட்டத்தையே மூடினார்கள். ரோஸ்லினுக்கு வேலை போயிற்று; இப்போது ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். உறைய வைத்திருந்த கோழி அணுக்களெல்லாம், திரவ நைட்ரஜன் ஊற்ற ஆளில்லாமல் உருளையிலேயே காய்ந்துபோயின என்று சொன்னாள். கோழிகளைக் கழித்துவிடச் சொல்லி உத்தரவு வந்த அன்று, இந்த ஒன்றை மட்டும் பெட்டியில் போட்டுப் பேருந்தில் ஏறிவிட்டாளாம். பாகூர் நிறுத்தத்தில் இறங்கும்போது நடத்துநர், பிரியாணி எப்போதும்மா என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

விஜயகுமாரி அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சேவலை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

முன்பு அந்த வீட்டில் இருந்தவை மொட்டைக்கழுத்துக் கோழிகள். கறுப்பு உடம்பு; கழுத்தில் மட்டும் இறகே இல்லாமல் சிவந்த தோல்; தொண்டைக்குக் கீழே ஒரு சிறு கொத்து. கல்யாணமாகி வந்தபோது விஜயகுமாரி காட்டேரிக்குப்பத்துத் தாய்வீட்டிலிருந்து ஒரு சோடியைக் கூடையில் கொண்டுவந்தாள். சேவிங் பண்ணின கோழி என்று தெருவே சிரித்தது. ஆனால் கழிச்சல் நோய் வந்து தெருக் கோழிகள் எல்லாம் சுருண்டு விழுந்த வருஷங்களிலும் இவை மட்டும் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குஞ்சு கேட்டு வந்தார்கள். விஜயகுமாரி கொடுக்கவில்லை. தாய்வீட்டுச் சீர் என்றாள்.

இளவரசி படித்துப் போய்ச் சேர்ந்த வேலையும் அந்தக் கோழிகளில் வந்துதான் முடிந்தது. முட்டைகளை உமிக்குள் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போவாள். என்னதான் செய்கிறாய் என்று அரங்கநாதன் கேட்ட ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமையில், அடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வந்து அடுப்படி வெளிச்சத்தில் கிண்ணத்தில் உடைத்தாள். மஞ்சள்மேல் சிலந்தி வலை போல ரத்தக்கோடுகள். நடுவில் கடுகளவு சிவப்பு, துடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு இன்னும் கண்ணே சரியா வரலப்பா. ஆனா இது பெருசாயி போடப்போற முட்டைக்கு வித்து இப்பவே இதோட ரத்தத்துல சுத்திக்கினு இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்றாள். அந்த வித்தணுக்கள் முதலில் தலைக்கு முன்னால் ஓர் ஓரமாக, பிறை வடிவத்தில் ஒதுங்கி நிற்குமாம். உடம்பு உருவாகிற எந்தக் களேபரத்திலும் கலந்துகொள்ளாதாம். ரத்தக்குழாய்கள் வந்ததும் அதில் ஏறி உடம்பெல்லாம் சுற்றி, விதைப்பையோ முட்டைப்பையோ வரப்போகிற இடத்தில் இறங்கிவிடுமாம். அது போய்ச் சேரும்போது அங்கே ஒன்றும் இருக்காது, வெறும் மேடுதான். ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கிற அந்தச் சமயம் பார்த்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதை உறிஞ்சி, வேறு ஒரு முட்டைக்குள் இருக்கிற வேறு ஒரு கருவின் ரத்தத்தில் விட்டால், அந்த உடம்பிலும் அது தேடிக்கொண்டு போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"வேற வூடுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதுப்பா. தெரிஞ்சாலும் போவும்."

அடுப்பருகே மீன் அலசிக்கொண்டிருந்த விஜயகுமாரி திரும்பாமலே சொன்னாள்: "அதெல்லாம் தேடிப் போயி ஒக்காருது. நீ எப்படி போயி ஒக்காரப்போற? முப்பத்தொண்ணு ஆவுது."

"எனக்கு இன்னும் பஸ் வரலம்மா," என்றாள் இளவரசி.

கார்த்திகைப் புயலுக்கு மறுநாள் தென்பெண்ணையில் வெள்ளம் கரை தாண்டியது. ஆற்றோரக் கரும்பெல்லாம் படுத்தது. அரங்கநாதனும் விஜயகுமாரியும் விடிவதற்குள் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்விட்டார்கள். கோழிக்கூட்டைத் திறந்துவிட அவகாசம் இல்லை. தண்ணீர் வடிந்த செய்தி கேட்டு இளவரசி ஓடிவந்தாள். செருப்புகூட இல்லாமல் முழங்கால் சேற்றில் நின்று கூட்டைப் பிரித்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தென்னையடியில் புதைத்தாள். இரண்டு மூன்று நாள் அந்தச் சேற்றிலேயே கிடந்து வீட்டையும் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். காலில் தகரம் கிழித்த காயம் இருந்ததை அவள் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அடுத்து வந்த காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டாள். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலிக்காய்ச்சல் என்று பெயர் தெரிந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

அதன்பிறகு விஜயகுமாரியின் வாயிலிருந்து கோழி என்ற சொல்லே வரவில்லை. ஒரே ஒருமுறை, துக்கம் கேட்க வந்த பெண்களிடம் சொன்னாள்: "அந்தக் கோழிங்கதான் எம்பொண்ணத் தின்னுச்சி."

அதனால்தான் ரோஸ்லின் சொன்னதை அரங்கநாதன் மனைவியிடம் சொல்லவில்லை. ரோஸ்லின் சொன்னது இது: இந்தச் சேவல் முட்டைக்குள் இருந்தபோது, மொட்டைக்கழுத்துக் கருவிலிருந்து எடுத்த வித்தணுக்களை இளவரசி இதன் ரத்தத்தில் விட்டாள். தோலும் இறகும் பண்ணைக் கோழியுடையவை. ஆனால் அது மிதிக்கிற பெட்டையின் குஞ்சுகளில் சில உங்கள் வீட்டுக் கோழியாக வரும். எல்லாம் வராது. இதன் சொந்த வித்தும் கூடவே இருக்கிறது. வந்தால் கழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

"வரலன்னா?" என்று கேட்டார்.

"வரும்பா. அவ கை தப்பாது," என்றாள் ரோஸ்லின்.

பக்கத்து ஊரில் இரண்டு நாட்டுப் பெட்டைகளை வாங்கி வந்து, சேவலோடு வலைக்கூண்டில் விட்டார். வெளிச் சேவல் எதுவும் நெருங்காதபடி கூண்டைச் சுற்றி முள் அடைத்தார். வெள்ளைச் சேவல் மெல்ல மெல்ல மண்ணைக் கிளறப் பழகியது. ஒருநாள் விடியலில் தொண்டை கட்டியவன் போலக் கரகரவென்று கூவியது. அரங்கநாதன் பாயில் எழுந்து உட்கார்ந்து, அது இரண்டாவது முறை கூவும்வரை காத்திருந்தார்.

சித்திரை முடியுமுன் விஜயகுமாரியின் தம்பி தங்கவேல் குடும்பத்தோடு வந்தான். வந்தவன் கை கால் கழுவிக்கொண்டே கூண்டைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, புதுசா பிராய்லர் பண்ணையா? ஒண்ணே ஒண்ண வச்சிக்கினு அதுக்கு முள்வேலி வேற."

சொல்லிக்கொண்டே கூண்டுக்குள் கையை விட்டுச் சேவலின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். அவன் மனைவி அதற்குள் அம்மிக்கு மிளகாய் எடுத்துவிட்டாள். அரங்கநாதன் என்ன சொல்வார்? இந்த வெள்ளைக்குள் ஒரு கறுப்பு இருக்கிறது என்றா? செத்துப்போன என் மகள் இதற்குள் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றா? மகள் போன துக்கத்தில் மாமாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று கடலூர்வரை சொல்லிவிடுவான். வாழ்நாளில் ஒரு கோயிலிலும் கை குவிக்காத மனிதர், வாயில் வந்ததைச் சொன்னார்.

"வுடுறா. முனீஸ்வரனுக்கு நேந்து வுட்டது."

தங்கவேல் சுட்டதுபோலக் கையை எடுத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். உடனே அவனே, அப்படியானால் காலில் துணி எங்கே என்றும் கேட்டான். மஞ்சளில் நனைத்த துணிக்கிழிசலை அரங்கநாதன் அவன் கண்முன்னாலேயே சேவலின் காலில் கட்டினார். அடுப்படி வாசலில் நின்று விஜயகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில், மாதக்கணக்கில் காணாத ஒரு தெளிவு தெரிந்தது. இந்த மனுசன் கடைசியில் சாமியிடம் வந்துவிட்டாரே என்று அவள் நினைத்தது அவருக்குப் புரிந்தது. துணியின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினார்.

முதல் அடை வைகாசியில் பொரித்தது. அவர் ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து, கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் வெள்ளையும் பழுப்பும். எல்லாவற்றுக்கும் கழுத்து நிறையப் பஞ்சு. ரோஸ்லினுக்குப் போன் செய்தார். இன்னும் அடை வையுங்கள், பத்தில் ஒன்று வந்தாலே பெரிசு என்றாள். ஆனியில் பெட்டை ஒன்றை நாய் தூக்கிவிட்டது. மிச்சமிருந்த பெட்டை இட்டு முடித்து, ஆடி பிறக்கும்போது மறுபடி அடையில் உட்கார்ந்தது.

ஆடி பிறந்ததும் அய்யனார் கோயிலில் தண்டோரா போட்டார்கள். மூன்றாம் ஞாயிறு அய்யனாருக்குப் பொங்கல், பக்கத்தில் இருக்கிற முனீஸ்வரனுக்குக் காவு. நேர்ந்து விட்டவர்கள் எல்லாம் கொண்டுவரவேண்டும். விஜயகுமாரி அன்றைக்கே புது மண்சட்டி வாங்கிவிட்டாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரோஸ்லின் சொன்னது, தங்கவேலிடம் தான் சொன்ன பொய், எல்லாம். அவள் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"மொதல்ல பொரிச்சதுல வந்துச்சா?"

"வரல."

"ம்."

"இன்னும் ஒரு அடை இருக்கு குமாரி. வந்துரும். உங்க அம்மா வூட்டுக் கோழி அது."

"எங்கம்மா வூட்டுக் கோழிய ஆத்துத் தண்ணி கொண்டுபோச்சி. எம்பொண்ணையும் கூட்டிக்கினு போச்சி. இப்ப இன்னொண்ணு வந்து கூவிக்கினு கெடக்கு, அதுக்குள்ள என் பொண்ணு கைவேல இருக்குன்றீங்க." அவள் குரல் உயரவில்லை. "ஜெயாவுக்கு ஆவணில நாள் சொல்லியிருக்காங்க. சாமிக்குன்னு துணி கட்டிட்டு, இப்ப பொய்யின்னா அது எங்க போயி வுழும்?"

ஜெயா மருமகள்; மகன் முத்துக்குமரனின் மனைவி. தலைப்பிரசவம். தாய்வீட்டில் இருந்தாள். ஊர் நூல்நிலையத்தில் அரங்கநாதன் படித்த எந்தப் புத்தகமும், ஒன்றை ஏற்கெனவே பறிகொடுத்தவளிடம், இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்வது என்று சொல்லித்தரவில்லை.

மறுநாள் பூசாரி பச்சையப்பனிடம் போனார். பூசாரி பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். பண்ணைச் சேவலைக் கொடுத்தால் முனீஸ்வரனுக்கே பல்லில் மாட்டாது என்றார். எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக நல்ல நாட்டுச் சேவலாகக் கொடுத்தால் போதும், உயிருக்கு உயிர் சரியாகிவிடும் என்றார். அரங்கநாதன் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார்.

விஜயகுமாரி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "வாங்கியாங்க," என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

காட்டேரிக்குப்பத்தில் அவள் தூரத்துச் சொந்தம் ஒருவன் நல்ல சேவல்கள் வைத்திருந்தான். அவனிடம் வாங்கினால் அவள் மனம் சமாதானப்படும் என்று அவர் நினைத்தார். ஞாயிறு காலை வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். காவு உச்சிக்குத்தான். வழியில் சங்கிலி கழன்று, மாட்டியதில் கையெல்லாம் எண்ணெய்க் கறை. ஆனாலும் வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டார். பைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு வந்தது செக்கச்செவேலென்ற சேவல், வாலில் பச்சை மினுக்கம். எதிரில் வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் வெகுநாளைக்குப் பிறகு பசித்தது.

வாசலில் வண்டியை நிறுத்தும்போதே மசாலா வாசனை வந்தது. கூண்டின் கதவு திறந்திருந்தது. அடைப்பெட்டை மட்டும் மூலையில் தன் முட்டைமேல் பரந்து உட்கார்ந்திருந்தது. துவைக்கும் கல்லின்மேல் வெள்ளை இறகுகள், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு.

தங்கவேல் காலையிலேயே வந்திருக்கிறான். அவனும் விஜயகுமாரியும் சேவலைக் கோயிலுக்குக் கொண்டுபோய், கூட்டம் சேருமுன் முதல் காவாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். தண்ணீர் தெளித்ததும் சேவல் உடனே தலையை உதறி உத்தரவு கொடுத்துவிட்டது, இவ்வளவு சீக்கிரம் எந்தச் சேவலும் கொடுத்ததில்லை என்று தங்கவேல் மகிழ்ச்சியோடு சொன்னான். பையிலிருந்த சிவப்புச் சேவலைப் பார்த்து, இதை எதற்கு வாங்கினீர்கள் மாமா என்றும் கேட்டான்.

விஜயகுமாரி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் அடுப்படி வாசலில் போய் நின்றார். அவள் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டுச் சொன்னாள்.

"வாங்கியாங்கன்னுதான் சொன்னேன். அத வுட்டுடுறேன்னு சொல்லல."

கறியை முதலில் இளவரசியின் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தார்கள். அவளுக்குப் பிடித்த ஈரலைத் தனியாக எடுத்து வைத்தாள் விஜயகுமாரி. அரங்கநாதன் அந்த இலையைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதில் எந்தத் துண்டுக்கு அருகில் மகள் வைத்தது இருந்திருக்கும் என்று தேடிவிடுவோம் என்று பயந்தார். அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. தங்கவேல்தான், கறி கொஞ்சம் சக்கை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்கடுத்த சில நாட்களில் முட்டைகள் பொரிந்தன. அரங்கநாதன் போய்ப் பார்க்கவில்லை. விஜயகுமாரிதான் கூடையில் குஞ்சுகளை எடுத்து வந்தாள். வெள்ளையும் பழுப்பும். கழுத்தெல்லாம் பஞ்சு. அவள் முகத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பெட்டை எழுந்துபோன பிறகும் இரண்டு முட்டை மிச்சமிருந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, எல்லோரும் செய்வதைப் போல அகலக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அவற்றை மிதக்கவிட்டாள். ஒன்று அசையவில்லை. இன்னொன்று இலேசாக ஆடியது. ஆடி, நின்றது. மறுபடி ஆடும் என்று குந்தியபடி காத்திருந்தாள். தண்ணீர் ஆறிப்போயிற்று.

கூழ்முட்டை, தூக்கிப் போட்டுவிடு என்று அவர் சொன்னார். அவள் கேட்கவில்லை. கரண்டிக் காம்பால் தட்டி, ஓட்டை நகத்தால் உரித்தாள். உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சு, மூக்கு ஓட்டைத் தொட்டபடி மடங்கிக் கிடந்தது. கறுப்பு. சவ்வை விலக்கியவள் விரலை நிறுத்தினாள். கிண்ணத்துத் தண்ணீரிலேயே அதைக் கழுவினாள். கழுத்தை நீட்டிப் பிடித்தாள். தோல் வழவழவென்று இருந்தது, தொண்டைக்குக் கீழே ஒரே ஒரு கொத்துப் பஞ்சைத் தவிர.

விஜயகுமாரிக்கு அதை யாரும் சொல்லவேண்டியதில்லை. பிறந்த வீட்டுக் கூடையில் அவள் பார்த்து வளர்ந்த கழுத்து அது. முந்தானையில் அதைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவ சொன்னப்பவும் நான் நம்பல," என்றாள். "கல்யாணத்துக்கு டிமிக்கி குடுக்கறான்னுதான் நெனச்சேன்."

தென்னையடியில் அவர் குழி தோண்டினார். அவள் தன் கையாலேயே அதை உள்ளே வைத்தாள்.

மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ரோஸ்லின். மருந்துக்கடையின் சத்தம் பின்னால் கேட்டது.

"பொரிச்சிடுச்சாப்பா?"

"ம். பொரிச்சிடுச்சி."

"கழுத்து?"

அரங்கநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் குழியருகே உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு வந்துச்சிம்மா. கறுப்பு. மொட்டைக்கழுத்து."

அந்தப் பக்கம் ரோஸ்லின் அழுவது கேட்டது. யாரோ வாடிக்கைக்காரர் என்னம்மா என்று கேட்பதும், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வதும் கேட்டன. செய்துவிட்டாளே, செய்துவிட்டாளே என்று சொன்னாள். இதை எல்லாருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றாள்.

"அந்த வெள்ளைய மட்டும் பத்திரமா பாத்துக்குங்கப்பா. அது இருந்தா போதும். எத்தன வேணா வரும்."

முற்றத்தில் சிவப்புச் சேவல், காலில் எந்தத் துணியும் இல்லாமல், சுவர்மேல் ஏறி நின்று கூவியது. போனிலும் அது கேட்டிருக்கவேண்டும்.

"அதான கூவுது?" என்றாள் ரோஸ்லின்.

"ஆமாம்மா," என்றார் அரங்கநாதன்.